டீ வரிசையில் கொடுத்த மாத்திரை

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பீங்கான் கோப்பை இருக்கிறது. வெள்ளைக் கோப்பை, விளிம்பில் நீலக் கோடு, பிடியில் ஒரு சின்ன உடைசல். பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையின் வைத்திய அறையில் எனக்கென்று கொடுத்திருந்தது அது. வேலையை விட்டு வந்த அன்று திருப்பி ஒப்படைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதன் உள்ளே, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், சில வருடங்கள் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. பார்க்கிறவர்கள் டீக்கறை என்றுதான் நினைப்பார்கள். புளி போட்டுத் தேய்த்தால் போய்விடுமே என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். போகும் என்று எனக்கும் தெரியும். நான் தேய்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்த மில்லில் நர்சாக இருந்தேன். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, பொய்த் தலைவலியா மெய்த் தலைவலியா என்று கண்டுபிடித்து மேஸ்திரியிடம் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. கடைசியாகச் சொன்னது நர்ஸ் வேலையில் சேர்த்தி இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும் என்னை சிஸ்டர் என்றோ நர்சம்மா என்றோ கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் அது நன்றாகத்தான் இருந்தது.

அந்த மில்லில் டீ இலவசம். வாசல் பலகையில் தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்ததில் முதல் வரியே அதுதான். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் குழாய் வைத்த பெரிய ஸ்டீல் டிரம் ஒன்றை வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். பெண்கள் அவரவர் எவர்சில்வர் டம்ளரோடு வரிசையில் நிற்பார்கள். தேநீர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இருப்பதிலேயே மட்டமான தூளைப் போட்டு, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, பேருக்குப் பால் காட்டி, சர்க்கரையை மட்டும் தாராளமாகக் கொட்டிய கஷாயம் அது. அதைக் குடித்தால் பசி செத்துப்போகும். அதற்குத்தான் கொடுத்தார்கள். விடியுமுன் எழுந்து வீட்டில் எல்லோருக்கும் ஆக்கி வைத்துவிட்டு, தாங்கள் ஒன்றும் தின்னாமல் ஓடிவரும் பெண்களுக்குப் பத்து மணி டீதான் அன்றைய முதல் ஆகாரம். கூடவே கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு வர்க்கி பிஸ்கட். மத்தியானம் சோற்றை முடித்ததும் மறுபடி யாராவது பிளாஸ்கில் டீ வாங்கி வருவார்கள்.

இதைப் பார்த்து எனக்கு அப்போது கோபம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவிநாசிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலேயே களை எடுக்க வருகிறவர்களுக்குக் கம்மங்கூழ் கொடுப்பதை நிறுத்தி டீ கொடுக்க ஆரம்பித்திருந்தோம். கூழ் காய்ச்சுவதற்கு நேரமும் கம்பும் வேண்டும். டீ என்றால் ஒரு குண்டாத் தண்ணீரும் ஒரு பொட்டலம் தூளும் போதும். அதற்கு எங்கள் வீட்டில் சொன்ன காரணம், அவர்களே டீதான் கேட்கிறார்கள் என்பது. மில்லிலும் அதையேதான் சொன்னார்கள். வயிறு காய்ந்தவளுக்கு எது சட்டென்று தெம்பு காட்டுகிறதோ அதைத்தானே அவள் கேட்பாள்?

அந்த வருடம் டாக்டர் பெண்கள் அத்தனை பேருக்கும் ரத்தம் சோதித்தார். பாதிக்கு மேல் வெளிறிப்போன கேஸ். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது. எல்லோருக்கும் இரும்புச்சத்து மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஏழு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் கக்கூசுக்குப் பின்னால் சாக்கடையில் சிவப்பு மாத்திரைகள் கிடப்பதாக மேஸ்திரி வந்து சொன்னார். அதைச் சாப்பிட்டால் வயிறு பிடித்துக்கொள்கிறது, வாய் கசக்கிறது என்று பாதிப் பேர் வீசியிருந்தார்கள். லேபர் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு வழி பண்ணுங்க சிஸ்டர்" என்றார். தொழிலாளர் நலன் அவர் பொறுப்பு. நெற்றியில் எப்போதும் விபூதி, பேச்சில் எப்போதும் ‘ங்க’.

வழி சொன்னது நான். சோற்று நேரத்தில் மரத்தடிக்கு நாலு பேர், சுவரோரம் எட்டுப் பேர் என்று சிதறிவிடுவார்கள். அத்தனை பேரும் ஒழுங்காக வரிசையில் நிற்பது பத்து மணி டீக்குத்தான். அங்கேயே கொடுத்துவிடலாம், ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டீ, நம் கண் எதிரே விழுங்கிவிட்டுப் போகட்டும் என்றேன். லேபர் ஆபீசருக்குப் பரம சந்தோஷம். தனியாக நேரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒரு மெஷினும் நிற்க வேண்டாம். மேலிடத்துக்கு இதை எழுதிப் போட்டார். மற்ற மில்களிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுக்கூடப் போனார்கள். ரிஜிஸ்டரில் பெயருக்கு நேராக நான் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மாதக் கணக்கில் ஒரு டிக்கும் விடுபடவில்லை.

வரிசையில் ரீலிங் அக்கா எப்போதும் கடைசியில் நிற்பார். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பகுதிக்கு ரீலிங் என்று பெயர். அவர் அங்கே வேலை பார்த்ததால் எனக்கு ரீலிங் அக்கா. முப்பது வயது இருக்கும். போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் வாய் ஓயாது. டீ டிரம் வரும்போதே, "மாப்பிள்ளை ஊர்வலம் வருதுங்க, எல்லாரும் எந்திரிங்க" என்பார். டம்ளரில் ஊற்றியதும் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்குள்ள மாடு இருக்குதா, இல்லை மாட்டோட போட்டோவைக் காட்டுனீங்களா?" என்று டீ ஊற்றுகிறவரைக் கேட்பார். அவர் வீட்டுக்காரர் வருடத்தில் பாதி நாள் எங்கே இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. அடுத்த நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும். வந்தால் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி வசதி உண்டு, நாளைக்கு வேலை இருக்குமா என்று வாசலில் நிற்க வேண்டாம். பட்டியலுக்கு டாக்டரின் சான்று வேண்டும். ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், பத்துக்கு மேல் இருந்தால்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அக்காவுக்கு ஏழரை இருந்தது. அதனால் மற்றவர்கள் முகம் சுளித்துக்கொண்டு விழுங்கிய மாத்திரையை அவர் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஒரு நாள் பத்து மணிக்குச் சற்று முன் விரலை வெட்டிக்கொண்டு வைத்திய அறைக்கு வந்தார். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. அவர் டம்ளர் மெஷினருகே இருந்ததால் என் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். தொழிலாளிக்கு என் கோப்பையைக் கொடுத்த என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது. அன்றைக்குப் பால் தீர்ந்துபோய் வரட்டீதான் வந்திருந்தது. அக்கா மாத்திரையைப் பல்லால் இரண்டாகக் கடித்து டீக்குள் போட்டார்.

"முழுசா முழுங்குனா தொண்டைக்குழியிலயே நின்னுக்குதுங்க நர்சம்மா. நான் எப்பவும் கரைச்சுத்தானுங்க குடிக்கறது" என்றபடி கரண்டிக் காம்பால் கலக்கினார்.

கலக்கக் கலக்க டீ கறுத்தது. சிவப்பாக இருந்தது பழுப்பாகி, பிறகு பேனா மை மாதிரி ஆகிவிட்டது. எவர்சில்வர் டம்ளருக்குள் இத்தனை நாளும் இது நடந்திருக்க வேண்டும். பால் கலந்த டீயும் நிழல் விழும் டம்ளரும் அதைக் காட்டவில்லை. அக்கா கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பார்த்தார். எனக்கு அந்த முகம் நன்றாக நினைவிருக்கிறது. அதில் கேலி இல்லை.

"எங்கப்பன் சாயப்பட்டறையில இருந்தாருங்க. கடுக்காத் தண்ணியில துருப்புடிச்ச ஆணி ஒண்ணு விழுந்தாலும் தொட்டி மொத்தமும் இப்படித்தான் கறுத்துப்போகும். கறுப்புச் சாயமே அப்படித்தானுங்க எடுக்கறது. துவர்ப்பும் இரும்பும் சேந்துபோட்டா அப்பறம் பிரிக்கவே ஆகாதுன்னு சொல்லுவாரு. ஏனுங்க நர்சம்மா, இங்கயே சாயமாப் போனது உள்ள போயி ரத்தமா ஆகுமுங்களா?"

இதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் மூன்று வருடம் படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்தது. "மருந்துன்னா நிறம் மாறத்தான் செய்யும் அக்கா. குடிச்சுப்போடுங்க, டைம் ஆச்சு" என்றேன். சாயப்பட்டறைக்காரர் மகள் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற எண்ணம் அதில் இருந்தது. அக்கா மூன்று மடக்கில் குடித்து முடித்தார். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் குடித்தார். கோப்பையை அன்று மாலைதான் கழுவினேன். உள்ளே மெருகு வெடித்திருந்த இடத்தில் கறுப்பு வளையமாக ஏறிப் பிடித்திருந்தது.

இரண்டாவது ரத்தச் சோதனையில் யாருக்கும் பெரிதாக ஏறவில்லை. அக்காவுக்கு எட்டுக்கூட ஆகவில்லை. அன்று மத்தியானம் பழைய பாடப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிய பக்கத்தில் கீழே ஒரே வரி. டீயுடன் கொடுக்கக் கூடாது, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்துகொண்டு உடம்பில் ஏறவிடாது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. நானே போட்ட கோடு. பரீட்சைக்குப் படித்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்திருக்கிறேன்.

அப்போதே லேபர் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். அந்த அளவுக்காவது செய்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், டீ டைம்ல கொடுக்கலாம்னு ஐடியா கொடுத்தது யாருங்க?"

"நான்தானுங்க சார்."

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து யாருதுங்க?"

"என்னுதுங்க."

"அப்பறம் எதுக்குங்க இதைய வெளிய பேசிக்கிட்டு? மேலிடத்துல நல்ல பேரு வாங்கியிருக்குது. இன்னொரு நேரம் ஒதுக்கோணும்னா மெஷினை நிறுத்தோணும். ஆகற காரியங்களா? போயி வேலையப் பாருங்க, கண்ணு."

எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். அந்தக் ‘கண்ணு’வைக் கேட்டுக்கொண்டு நான் வெளியே வந்தேன். வந்து வேலையைப் பார்த்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே வரிசையில் நின்று, பயனில்லை என்று தெரிந்தே, ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் டீயுமாகக் கொடுத்து டிக் அடித்தேன். தெரியாமல் செய்த நாட்களுக்கு என்னை நான் மன்னித்துவிட முடியும். தெரிந்து செய்த அந்த நாட்கள்தான் இன்னும் தொண்டையில் நிற்கின்றன.

பட்டியல் போடும் நேரம் வந்தது. ரத்தம் ஏறாத தற்காலிகப் பெண்கள் ஐந்து பேரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டுபோய்த் துப்பியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ரிஜிஸ்டரில் முழு டிக் இருக்கிறது, ரத்தம் ஏறவில்லை, ஆகையால் துப்பியிருக்க வேண்டும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு லேபர் ஆபீசரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். மற்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அக்கா நிமிர்ந்து நின்றார்.

"மாத்திரைய என்ன பண்ணுனீங்க அம்மணி?" என்றார் லேபர் ஆபீசர்.

"சாப்பிட்டனுங்க."

"சாப்பிட்டிருந்தா ரத்தம் ஏறியிருக்கோணுமல்லங்க?"

"அதைய நர்சம்மாவைக் கேளுங்க. அவங்க முன்னாலதானுங்க கரைச்சுக் குடிச்சேன். கன்னங்கரேல்னு கறுத்துப் போனதை அவங்களும்தான் பாத்தாங்க. அவங்க கப்புலதானுங்க குடிச்சேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா சிஸ்டர்?"

வைத்திய அறை அங்கிருந்து இருபது அடி. கோப்பை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, இதோ பாருங்கள் இந்தப் பெண்களின் ரத்தம் எங்கே போயிற்று என்று, ஒரு புது மாத்திரையைப் போட்டுக் கலக்கிக் காட்டியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. நான் சொன்னது இதுதான்: "எல்லாரையும் நின்னு பாக்க முடியறதில்லீங்க சார்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த வாக்கியத்தின் கேவலமே அதுதான். அக்கா என்னைத் திட்டவில்லை, அழவில்லை. "செரிங்க நர்சம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே ஐந்து பேரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நம் பெண்களுக்கு உடம்பின்மேல் அக்கறையே இல்லை, நல்லது சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்று சனிக்கிழமை டாக்டர் என்னிடம் வருத்தப்பட்டார். இன்றும் கூட்டங்களில் யாராவது இதையே சொல்லும்போது எனக்கு உடம்பு எரிகிறது. அக்கறை இருந்து, கேட்டு வாங்கி, கசப்பைக் குடித்து, காரணத்தையும் கண்டுபிடித்துச் சொன்ன ஒருத்தியை நாங்கள் என்ன செய்தோம்?

இதையும் கேளுங்கள். பட்டியல் முடிந்து இரண்டே மாதத்தில் லேபர் ஆபீசர் மாத்திரை நேரத்தை மாற்றினார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேஸ்திரி ஒரு டப்பாவையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய்க் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிடம். ஒரு மெஷினும் நிற்கவில்லை. மூன்றாவது சோதனையில் நிறையப் பேருக்கு ரத்தம் ஏறியது, அவருக்கு மேலிடத்தில் மறுபடி பாராட்டு வந்தது. நிறுத்திய ஐந்து பேரைத் திரும்பக் கூப்பிடலாமே என்று நான் கேட்டபோது, "முடிஞ்சுபோன விசயமுங்க சிஸ்டர்" என்றார். அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். அதை ஒரு பெரிய தியாகம்போல வீட்டில் சொல்லிக்கொண்டேன். கோப்பையை எடுத்துக்கொண்டது அன்றுதான்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அக்காவை மறுபடி பார்த்தேன். கணபதியில் ஒரு கிளினிக்கில் அப்போது எனக்கு வேலை. லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சந்து ஒன்றின் முனையில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. கிரீஸ் கையோடு நின்ற பட்டறைக்காரர்களுக்கு அக்கா தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தார். யாரோ டீ கேட்டார்கள். "டீ கெடையாதுங்க. மோரு வேணும்னா இருக்குது" என்றது அதே குரல். நான் அப்படியே திரும்பிப் போய்விட்டேன். மறுநாள் மத்தியானம் கோப்பையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். மூத்தவள் எட்டாவது படிப்பதாகச் சொன்னார். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, நீங்க அன்னைக்குக் கேட்டதுதான் சரி. மாத்திரை பூராவும் டீயிலயே வீணாப் போச்சுங்க."

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களே" என்றார்.

துண்டைப் பிரித்துக் கோப்பையை நீட்டினேன். தேய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன் என்றேன். சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமை இருந்ததை நானே கேட்டேன். அக்கா வாங்கி உள்ளே பார்த்தார். கறுப்பு வளையத்தின்மேல் விரலை ஒரு சுற்று ஓட்டினார்.

"இதைய அன்னைக்கு அந்தாளு மேசைமேல கொண்டாந்து வெச்சிருந்தீங்கன்னா எனக்கு வேலை இருந்திருக்குமுங்க. இப்ப எனக்கு எதுக்குங்க இது?"

குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு கொட்டை அளவு புளியைக் கிள்ளி எடுத்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? நாலைந்து தேய்ப்பில் வளையம் வெளுத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்ததும் போயே போய்விட்டது. இத்தனை வருடம் என் குற்றத்துக்கு நான் சாமிபோல வைத்திருந்த சாட்சி, ஒரு கொட்டைப் புளிக்குத் தாங்கவில்லை. அக்கா கோப்பையை அலசி, அதில் மோரை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். பிறகு காத்துக்கொண்டிருந்தவருக்கு இட்லி வைக்கப் போய்விட்டார்.

அந்த மில் இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. லேபர் ஆபீசர் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். கோப்பை மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் சில நேரம் அதிலேயே டீ ஊற்றிக் கொடுக்கிறேன். உள்ளே பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.